பங்கீடா, பரவலா

ஜனவரி 8

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா? தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன். ஆனால் காதில் மாட்டும் கருவி தொலைபேசியின் பக்கம் போனாலே விசில் அடிக்கிறது. உன் குரலைவிட விசில்தான் தெளிவாக விழுகிறது. இனிமேல் கடிதம்தான். நீயும் தேதி போட்டு, வாக்கியத்தை முடித்து எழுது.

எனக்கு ஒரு சந்தேகம். பதிப்பகத்தார் அறிவியல் களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியை மொழி திருத்த அனுப்பியிருக்கிறார்கள். ‘பால்’ என்ற கட்டுரையில் ஒரு வாக்கியம் இப்படி இருக்கிறது: ‘கேசின் புரதங்கள் பாலிலுள்ள மைசெல்களிடையே சமமாகப் பங்கீடு செய்யப்பட்டுள்ளன.’ மைசெல் என்றால் என்னவென்று எழுதியவர் அதற்கு முன்பும் சொல்லவில்லை, பின்பும் சொல்லவில்லை. பங்கீடு செய்தது யார் என்றும் சொல்லவில்லை. பங்கீடு என்றால் ஒருவர் நின்று அளந்து கொடுக்க வேண்டும். கான்வென்டில் சிஸ்டர் இப்படிப்பட்ட வாக்கியத்தைப் பார்த்தால், “எழுவாயை எங்கே விட்டுவிட்டு வந்தாய், பேருந்திலா?” என்று கேட்பார். இவற்றை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் அந்தச் ‘சமமாக’ உண்மையா என்பதை நீதான் சொல்ல வேண்டும். பால் ஆய்வகத்தில் இத்தனை வருஷமாக அதைத்தானே கலக்கிக்கொண்டிருக்கிறாய்.

கீழ் வீட்டில் குடியிருந்த வங்கிக்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். தண்ணீர்க் குழாய்களை மாற்றியாயிற்று. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளும் புதிது. பின்பக்க அறையில் காலை வெயில் வரும். மேசை போட்டால் எழுதலாம். உனக்கு ஜூன் கடைசியில் பணி ஓய்வு. கீழ் வீட்டுக்குப் படி ஏற வேண்டியதில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது அதையும் கண்டித்துத்தான் வைத்திருக்கிறாயா?

உன் சந்தேகம் சரி. ‘சமமாக’ என்பது தவறு.

முதலில் மைசெல். பாலில் உள்ள புரதத்தில் பெரும்பகுதி கேசின். அதில் நான்கு வகை: ஆல்ஃபாவில் இரண்டு, பீட்டா ஒன்று, காப்பா ஒன்று. இவை தனித்தனியாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் கூடி, சுண்ணாம்புச் சத்தையும் உள்ளே பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரண்டிருக்கும். அந்த உருண்டைக்குத்தான் மைசெல் என்று பெயர். ஆடை எடுத்த பிறகும் பால் வெள்ளையாகத் தெரிவது இவற்றால்தான்.

இவை எல்லாம் ஒரே அளவில் இல்லை. பாலை சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுழற்றினால் பெரிய மைசெல்கள் முதலில் அடியில் படியும். அவற்றை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை இன்னும் வேகமாகச் சுழற்றினால் சிறியவை படியும். இரண்டையும் தனித்தனியாக ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரத்தால் ஓடவிட்டு நீலச் சாயம் ஏற்றினால், ஒவ்வொரு கேசினும் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை தடித்திருந்தால் அளவு அதிகம். சிறிய மைசெல்களில் காப்பாவின் பட்டை தடித்து வரும். காரணம், காப்பா பெரும்பாலும் உருண்டையின் மேற்பரப்பில் இருக்கிறது. ஒரு கிலோ எலுமிச்சம்பழத்தை உரித்தால் கிடைக்கும் தோல், ஒரு கிலோ பூசணித் துண்டத்தில் கிடைக்காது இல்லையா, அது மாதிரி. உருண்டை சிறுக்கச் சிறுக்க, எடைக்குத் தோல் அதிகம்.

பண்ணைகளிலிருந்து எங்களுக்குப் பால் மாதிரி கொண்டுவருகிற மாட்டு டாக்டரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “உங்கக்கா என் மாட்டையே நிக்க வச்சு எழுவாய் எங்கன்னு கேப்பாங்க போலிருக்கே” என்றார்.

சென்ட்ரிஃபியூஜ் நின்றுவிட்டது, போய்த் திறக்க வேண்டும்.

தங்கை


பிப்ரவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். பலனும் இருக்கிறது, அதை முழங்காலிடம் சொல்லவில்லை. உன் இருமல் திரும்பி வந்தால் வரும்போதே கவனி. தனியாக இருப்பவர்கள் உடம்பைக் கவனிப்பதைத் தள்ளிப் போடுவார்கள், எனக்குத் தெரியும்.

எலுமிச்சம்பழ உதாரணம் தெளிவாக இருந்தது. கட்டுரையில் சேர்த்துவிட்டேன். அடுத்த பத்தியில் எழுதியவர், ‘காப்பா கேசின் விழிப்புள்ள காவலனைப் போல மைசெல்லைச் சுற்றி நின்று, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது’ என்கிறார். விழிப்புள்ள, காவலன், காக்கிறது மூன்றையும் அடித்துவிட்டேன். ‘மேற்பரப்பிலுள்ள காப்பா, மைசெல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது, நொதியால் அது வெட்டப்பட்டால் பால் உறைகிறது’ என்று எழுதினேன். உண்மைதானே?

இன்னொரு கேள்வி. நூறு பங்கில் காப்பா கூடினால் வேறொன்று குறைய வேண்டும். குறைவது எது? நீ சொல்லவில்லை. கூடியதை மட்டும் சொல்லிவிட்டுக் குறைந்ததை விடுவது அரைக் கணக்கு.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் கீழ் வீட்டைத் தன் மகளுக்குக் கேட்கிறார். மாப்பிள்ளைக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறதாம். மாத்திரை வாங்கப் போனால் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார். “என்ன டீச்சரம்மா, வீட்டப் பூட்டியே வச்சிருக்கீங்க? பேய் ஏதும் சொல்லி வச்சிருக்கா?” “பேயா இருந்தா வாடகை கேக்க மாட்டேன். ஆள் ஒருத்தர் வர்றதா இருக்கு” என்றேன். “யாரு?” “வந்தா தெரியும்.” மனிதர் மாத்திரையை எண்ணாமலேயே கொடுத்துவிட்டார்.

உன் கடிதத்தில் கீழ் வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. என் கடிதத்தின் கடைசிப் பத்தி உன் கண்ணில் படவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பது உன் திருத்தங்களிலேயே தெரிகிறது. காப்பா வாக்கியம் உண்மை. காவலனை வேலையை விட்டு அனுப்பியதும் நல்லதுதான்.

குறைவது பீட்டா. எங்கள் அளவுகளில் சிறிய மைசெல்களுக்குப் போகப் போக, காப்பா கூடும் அளவுக்குப் பீட்டா குறைகிறது. ஆல்ஃபா இரண்டும் பெரிதாக மாறுவதில்லை. இப்போது முழுக் கணக்கு.

பீட்டா என்றதும் போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாட்டு டாக்டர் ஒரு பண்ணையில் கன்று ஈனாமல் கிடந்த மாட்டோடு மாட்டிக்கொண்டார். அவர் ஐஸ்பெட்டியில் வைத்திருந்த பால் எங்களுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்தது. அதை அப்படியே குளிராகவே சுழற்றிவிட்டோம். பார்த்தால், பெரியது சிறியது எல்லாவற்றிலும் பீட்டாவின் பட்டை இளைத்திருந்தது. ஜெல்லைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு மேலே நின்ற தெளிந்த நீரைச் சோதித்தால், காணாமல் போன பீட்டா அங்கே இருக்கிறது. குளிரில் பீட்டா மைசெல்லிலிருந்து கழன்று வெளியே வரும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். புத்தகத்தில் உள்ளதை நான் மறந்ததுதான் புதிது. அவர், “மாடு பொழச்சிடுச்சு, உங்க பீட்டாவும் தொலையல, அப்புறம் எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க” என்கிறார். பாலைச் சூடாக்கினால் பீட்டா மைசெல்லுக்குத் திரும்பிவிடும்.

பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் நாங்கள் பாலைக் குளிர்பெட்டியில் வைத்துத்தான் மறுநாள் காய்ச்சுகிறோம். ருசியிலும் வித்தியாசம் இல்லை.

கீழ் வீட்டுக் குழாய்களை மாற்றியது நல்லது. பழைய குழாய் அதிகமாகச் சத்தம் போடும்.

தங்கை


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. முழங்காலுக்கு அது பிடித்திருக்கிறது. உன் உடம்பைப் பற்றி நீ ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். ‘நலம்’ என்பது வாக்கியம் இல்லை.

பீட்டாவை இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன். ஆனால் நீ எழுதிய ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. ‘சூடாக்கினால் மைசெல்லுக்குத் திரும்பிவிடும்’ என்கிறாய். திரும்புவது என்றால் புறப்பட்ட இடத்துக்கு வருவது. கழன்றுபோன பீட்டா, தான் இருந்த மைசெல்லுக்கேதான் வருகிறதா? வேறொன்றுக்குள் போனால் அதைத் திரும்புதல் என்று சொல்ல முடியாது; ‘சேரும்’ என்றுதான் போட வேண்டும். ஒரு சொல்தான், ஆனால் பொருள் வேறு. பார்த்து எழுது.

இன்னொன்று. ‘வீட்டில் நாங்கள் பாலைக் குளிர்பெட்டியில் வைத்து’ என்று எழுதியிருக்கிறாய். தனியாக இருப்பவள் ‘நாங்கள்’ என்று எழுதக் கூடாது. பலர் கூடிக் கட்டுரை எழுதிப் பழகிய கை, வீட்டு விஷயத்திலும் அப்படியே ஓடிவிட்டது. திருத்திக்கொள். உன்னைக் குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டதை விட முடியவில்லை.

மருந்துக்கடைக்காரரிடம் ஏப்ரல் முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் எனக்கு ஒரு பதில் தெரிந்தால் அவருக்கு ஒரு பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

முதலில் பீட்டா. உன் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. சூடாக்கியதும் பீட்டா மைசெல்களுக்குள் போவது தெரியும். எந்த மைசெல்லிலிருந்து வந்தது, எதற்குள் போகிறது என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பீட்டா எல்லாம் பீட்டா மாதிரியேதான் இருக்கும். சில பீட்டாவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, குளிரவைத்து, வேறொரு பாலோடு கலந்து, சூடாக்கிப் பார்க்கப் போகிறோம். அதுவரை ‘சேரும்’ என்றே போடு. அதில் தவறு வராது.

இரண்டாவது. மார்ச் 2 கடிதத்தில் நீ திருத்திய ‘நாங்கள்’ பிழை இல்லை.

மாட்டு டாக்டரும் நானும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. அத்தான் போய் ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. நீ கறுப்பு விளிம்புத் தாளில் எல்லாருக்கும் நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாய். அப்போது இதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். அடுத்த வருஷம் சொல்லியிருக்கலாம். முதல் வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய் என்று இருந்துவிட்டேன். அதற்கடுத்து, இரண்டு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று. தள்ளத் தள்ளக் கூடிக்கொண்டே போனது. நல்ல மனிதர். முதல் மனைவி அவர் இளவயதில் இருந்தபோதே வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டார், குழந்தைகள் இல்லை. என்னைவிட இரண்டு வயது சிறியவர். இதற்கு மேல் எழுதினால் சாக்குச் சொல்வது போல இருக்கும்.

கீழ் வீட்டைப் பற்றி நீ எழுதும்போதெல்லாம் என்னால் பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். வீட்டை நீ பூட்டி வைத்திருப்பது ஒருத்திக்கு. வருவதானால் நாங்கள் இரண்டு பேர்.

தங்கை


மே 12

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபாலில் தவறியிருக்குமோ என்று பார்த்தேன். என் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். படுக்கையில் இருந்தால் மருந்துக்கடைக்காரரை விட்டாவது ஒரு வரி எழுதச் சொல்.

சாயம் ஏற்றிப் பார்த்துவிட்டோம். சாயமுள்ள பீட்டா இரண்டு பாலின் மைசெல்களிலும் இருந்தது, பெரியவற்றிலும் சிறியவற்றிலும். கழன்ற இடத்துக்கே போக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதற்கு இல்லை என்று தெரிகிறது. ஆனால் இது ஒரே ஒரு தடவை, எங்கள் மேசையில் பார்த்தது. சாயம் ஏற்றியதாலேயே அப்படி நடந்திருக்கலாம். களஞ்சியத்தில் போடாதே. உன் கேள்வியால் செய்தது என்பதால் உனக்குச் சொல்கிறேன்.

உன் கோபத்தையாவது எழுது. நீ திருத்தி அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை


மே 27

அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவதாக முடிவு செய்துவிட்டேன். நலமாக இரு.

நேற்று ஆய்வகத்தில் என் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். அவர் வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து உன் கடிதங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார். உன் அனுமதி இல்லாமல்தான். படித்துவிட்டுச் சொன்னார்: “உங்கக்கா கடுதாசிக்குக் கடுதாசி அந்த வீட்டப் பத்தியே எழுதுறாங்க. நீ கடுதாசிக்குக் கடுதாசி கேசினப் பத்தியே எழுதுற. அவங்களும் வான்னு கூப்பிடல. நீயும் வரட்டுமான்னு கேக்கல. ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் வாயத் தொறந்தா என்ன?”

“நீங்க வருவீங்களா?” என்றேன்.

“மாடு எல்லா ஊர்லயும் இருக்கு” என்றார்.

அதனால் கேட்கிறேன். கீழ் வீட்டில் நானும் அவரும் வந்து இருக்கலாமா? ஜூலை முதல் வாரத்தில் வர முடியும். உனக்கு விருப்பமில்லை என்றால் ஒரு வரி போதும். அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேச மாட்டேன். கேசினைப் பற்றியே எழுதுவேன்.

தங்கை


மே 28

தங்கைக்கு,

உன் ஏப்ரல் 20, மே 12 கடிதங்கள் கிடைத்தன. நான் படுக்கையில் இல்லை.

‘பால்’ கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. உன் பொருட்டுத் திருத்திய பகுதி இது:

‘கேசின் புரதங்களின் பரவல் எல்லா மைசெல்களிலும் ஒரே மாதிரி இல்லை. சிறிய மைசெல்களில் காப்பாவின் விகிதம் அதிகம், பீட்டாவின் விகிதம் குறைவு. பால் குளிரும்போது பீட்டாவின் ஒரு பகுதி மைசெல்களிலிருந்து வெளியேறுகிறது. பால் சூடாகும்போது மீண்டும் மைசெல்களில் சேர்கிறது.’

‘பங்கீடு’ என்பதை எடுத்துவிட்டுப் ‘பரவல்’ போட்டிருக்கிறேன். பரவலுக்குக் கொடுப்பவர் வேண்டாம். எழுதியவர் ஆட்சேபித்தார். “பங்கீடுன்னுதான் பாடப் புத்தகத்துலயே இருக்கு” என்றாராம். இருக்கட்டும்.

கீழ் வீட்டை மருந்துக்கடைக்காரரின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். சாவியை நேற்று வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் முடியும்வரை என்று சொன்னதற்கு மேலும் அவர் பொறுத்திருந்தார். இனியும் காக்க வைப்பது மரியாதையில்லை. அந்தப் பெண் பார்க்க அடக்கமாக இருக்கிறாள். மாப்பிள்ளை இரண்டு தரம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார்.

உன் கல்யாண விஷயத்தில் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். போன வருஷம் நீ இங்கே வந்து என்னோடு நான்கு நாள் தங்கினாய். அப்போது அவர் எங்கே சாப்பிட்டார்?

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

என் 27ஆம் தேதிக் கடிதம் உனக்கு இதற்குள் வந்திருக்கும். அது புறப்பட்டபோது உன் சாவி கைமாறிவிட்டது என்று உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். உன்மேல் பிழை இல்லை. நீ மாதக்கணக்கில் எழுதினாய், நான்தான் தாமதித்தேன். அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு எங்களுக்கு இடம் பார்க்காதே. நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்பதும் தெரியும். இங்கேயே ஆய்வகத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். இந்த மாதக் கடைசியில் பதில் சொல்ல வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். அவர் உன் ஊரில்தான் சாப்பிட்டார்.

என்னோடு பேருந்தில் வந்தார். நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தார். நான் உன்னோடு இருந்த நான்கு நாளும் அங்கேயே இருந்தார். இரண்டாம் நாள் உன்னிடம் சொல்லிவிடுவேன், பிறகு வந்து அழைத்துப் போவேன் என்பது ஏற்பாடு. நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் உன்னையாவது பார்க்கலாம் என்று உன் தெருவுக்கு வந்திருக்கிறார். மருந்துக்கடையில் நின்று தலைவலி மாத்திரை வாங்கியிருக்கிறார். நீ எதிரே வந்தாயாம். “குடைய வாள் மாதிரி புடிச்சிட்டு வந்தாங்க. வணக்கம் சொல்லலாம்னு கையத் தூக்கினேன். என்ன விலாசம் தேடுறீங்கன்னு கேட்டாங்க. தெரு மாறி வந்துட்டேன்னு சொன்னேன். தபால் நிலையத்துக்கு வழி சொன்னாங்க, ரொம்பத் தெளிவா” என்கிறார். வேண்டாத தபால் நிலையத்துக்கு நடந்தே போய், ஒரு உறை வாங்கிக்கொண்டு வந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நேற்று மாலைவரை இரத்த அழுத்தம் சற்று ஏறியிருந்தது, இறங்கிவிட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் இரண்டு கடிதங்களும் முன்னும் பின்னுமாக வந்தன. மருந்துக்கடைக்காரரிடம் சாவியைத் திருப்பிக் கேட்க மாட்டேன். கேட்டால் கொடுத்துவிடுவார், அதனாலேயே கேட்க முடியாது. அந்தப் பெண் ஜன்னல்களுக்குத் திரையும் தைத்து மாட்டிவிட்டாள்.

நீ கல்யாணம் செய்துகொண்டதில் எனக்கு மனவருத்தம் இல்லை. உனக்கு அது நல்லதாகவே இருந்திருக்கும். நான் உனக்குத் தனியாக இருப்பவளுக்குச் சொல்லும் புத்திமதியையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதுகூடப் பழகிவிடும்.

லாட்ஜ் விஷயம் பழகாது. நேற்று அந்தப் பக்கமாகப் போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் தண்ணீர் தேங்கி, அதில் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். என் தங்கையின் வீட்டுக்காரர் என் ஊருக்கு வந்து அந்தப் பலகையில் ஏறி இறங்கி நான்கு நாள் இருந்திருக்கிறார். நான் மேலே நான்கு அறையையும் விளக்கிப் பெருக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தபால் நிலையத்துக்கு வழி வேறு சொல்லியிருக்கிறேன். நான் வழி சொன்ன ஆட்கள் பலர். அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடாதே. மேலே பின்பக்கத்து இரண்டு அறைகளும் காலியாகத்தான் இருக்கின்றன. ஒன்றில் இருந்த என் புத்தகங்களை முன்னறைக்கு மாற்றிவிட்டேன். படி செங்குத்து, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் குழாய் பொருத்த ஆள் வருகிறான். சமையலறை ஒன்றுதான், அதைப் பிரிக்க வழியில்லை. காலையில் எட்டு மணிவரை நான் யாரோடும் பேச மாட்டேன், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மேசைமேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது. அவர் சத்தமாகப் பேசுகிறவர் என்றால் எனக்கு அது வசதி. தொழுவத்துக்குப் போட்டுப் போகும் காலணியைக் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்.

இரண்டு பேரும் வந்து என்னோடு இருங்கள். இருப்பீர்களா?

அவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘மாட்டு டாக்டர்’ என்று வீட்டுக்குள் கூப்பிட முடியாது. மாப்பிள்ளை என்றால் தலை நரைத்தவருக்குப் பொருந்தவில்லை. தம்பி என்று கூப்பிடலாம். ஆனால் அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். கேட்டு எழுது.

உன் அக்கா